எடிட்டிங் லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டியின் மேல் ‘நொடிக்கு 7,000 மெகாபைட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வாங்குவதுதான் வீடியோ எடிட்டிங் செய்வோரிடம் அதிகம் காணப்படும் தவறு. அந்த எண் பொய்யில்லை. ஆனால் பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் உச்ச வேகம் அது. 4கே யூ.எச்.டி. அளவில் நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் புரோரெஸ் 422 எச்.க்யூ. (எடிட்டிங்குக்கான ஆப்பிளின் உயர்தர வீடியோ வடிவம்) கோப்புக்கு நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் வேகம் போதும். முகூர்த்தத்தை மூன்று கேமராவில் எடுத்து மல்டிகேமில் ஒன்றாக ஓட்டினாலும் 330-ஐத்தான் தொடும். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் எஸ்.எஸ்.டி.யே 550 வரை தரும். கேமராவிலிருந்து வரும் எச்.264, எச்.265 என்ற சுருக்கிய வடிவக் கோப்புகள் பலவும் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட் அளவில்தான் இருக்கின்றன. அவை டைம்லைனில் தடுமாறினால், சுருக்கப்பட்ட படத்தை விரித்துக் காட்ட பிராசஸரும் கிராபிக்ஸும் திணறுகின்றன என்று பொருள். அந்த இடத்தில் பிராக்ஸி (எடிட்டிங்குக்காக மட்டும் உருவாக்கும் இலகுவான நகல்) உதவும், புது எஸ்.எஸ்.டி. உதவாது.

டிரைவின் உண்மையான தரம் வெளிப்படுவது, மெமரி கார்டைக் கொட்டுவது, எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கேஷ் கோப்புகளை உருவாக்குவது, பெரிய மாஸ்டரை (முடிந்த வீடியோவின் முழுத்தரக் கோப்பை) எக்ஸ்போர்ட் செய்வது என்று நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும்போதுதான். சிப்பில் தகவல் பதியும் நுண்ணிய அறைக்குச் செல் என்று பெயர். டி.எல்.சி. வகையில் ஒரு செல்லுக்கு 3 பிட், க்யூ.எல்.சி. வகையில் 4 பிட் எழுதப்படுகிறது. பிட் கூடக்கூட எழுதும் நேரமும் கூடும். இந்த மந்தத்தை மறைக்க, டிரைவ் தன் இடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு 1 பிட் வீதம் எழுதும் எஸ்.எல்.சி. கேஷாக, அதாவது வேகமான தற்காலிக இடமாக, வைத்துக்கொள்கிறது. அது நிரம்பியதும் உள்ளபடியான வேகம் வெளியே வந்துவிடும். க்யூ.எல்.சி. வகையான சாம்சங் 870 க்யூ.வி.ஓ. 1 டெராபைட் சாட்டா டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் விவரக்குறிப்பின்படியே, அதன் கேஷ் 42 ஜிகாபைட். அதைத் தாண்டினால் எழுதும் வேகம் நொடிக்கு 80 மெகாபைட். 256 ஜிகாபைட் கார்டை அதில் கொட்டினால், மீதமுள்ள 214 ஜிகாபைட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சாதாரண ஹார்டு டிஸ்க்கே அதைவிட வேகமாக முடித்துவிடும். க்யூ.எல்.சி. வகை என்.வி.எம்.ஈ. (சாட்டாவைவிட வேகமான இணைப்பு முறை) டிரைவுகளிலும், வேகமான கேஷ் தீர்ந்த பிறகு இதே சரிவு உண்டு. ஆகவே வேலை செய்யும் டிரைவுக்கு டி.எல்.சி.யைத்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரண்டி செல்லும் என்பதிலும் வேறுபாடு தெரியும்: 1 டெராபைட் அளவில் சாம்சங் 990 புரோவுக்கு 600 டெராபைட், க்யூ.எல்.சி. வகையான குருஷியல் பி3-க்கு 220.

மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளிருக்கும் சிப் மாறியிருக்கலாம். டி.எல்.சி.யோடு வெளிவந்த குருஷியல் பி2, பின்னர் அதே பெயரில் க்யூ.எல்.சி.யோடு விற்கப்பட்டது 2021-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய விமர்சனத்தை நம்பி வாங்குவதைவிட, அண்மையில் வாங்கியவர்கள் செய்த சோதனைகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.

லேப்டாப்பின் கையேட்டைப் பார்க்காமல் ஆர்டர் போடுவதும் தவறு. எம்.2 ஸ்லாட் (எஸ்.எஸ்.டி. செருகும் இடம்) என்றாலே என்.வி.எம்.ஈ. என்று பொருளில்லை; சில பழைய லேப்டாப்புகளில் அது சாட்டாவை மட்டுமே ஏற்கும். என்.வி.எம்.ஈ. டிரைவுகள் பயன்படுத்தும் பி.சி.ஐ.ஈ. இணைப்பின் 3.0 தலைமுறை ஸ்லாட்டில் 4.0 டிரைவைப் போட்டால் ஓடும், ஆனால் நொடிக்கு 3,500 மெகாபைட்டை ஒட்டியே நின்றுவிடும். நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) ஒட்டியதும், இருபுறமும் சிப் உள்ளதும் மெல்லிய லேப்டாப்பில் அடங்காமல் போகலாம். சூடு ஏறினால் டிரைவ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், மிக வேகமான டிரைவை மூச்சுவிட இடமில்லாத லேப்டாப்பில் போடுவதில் பயனில்லை. இப்போதைய மேக்புக்கில் பிறகு மாற்ற வழியே இல்லை. வாங்கும்போதே அளவை முடிவு செய்தாக வேண்டும். 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிகாபைட் வகையில் ஒரே ஒரு சிப் இருந்ததால், படிக்கும் வேகம் 512-இல் கிடைத்ததில் ஏறக்குறையப் பாதிதான்.

வேகத்துக்குச் செலவழித்துவிட்டு அளவில் சிக்கனம் பிடிப்பது வருத்தமான தவறு. மேலே சொன்ன புரோரெஸ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 398 ஜிகாபைட் பிடிக்கும். 1 டெராபைட் டிரைவை விண்டோஸ் 931 என்றுதான் காட்டும். அதிலும் 15 முதல் 20 சதவீதம் காலியாக விட வேண்டும், ஏனெனில் டிரைவ் நிரம்ப நிரம்ப அந்த எஸ்.எல்.சி. கேஷும் பெரும்பாலும் சுருங்கிவிடும். அதே விலையில் 1 டெராபைட் அதிவேக டிரைவும் 2 டெராபைட் நடுத்தர டி.எல்.சி. டிரைவும் கிடைத்தால், தயங்காமல் இரண்டாவதை வாங்கலாம்.

வெளியில் செருகும் டிரைவில் போர்ட்டும் கேபிளும் ஒத்துப்போக வேண்டும். 20 ஜிகாபிட் யூ.எஸ்.பி. 3.2 டிரைவை அந்த முறையை ஏற்காத போர்ட்டில் செருகினால் 10-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். மொபைல் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிள் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 2.0 தான், அதில் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. சில ஆயிரம் ரூபாய்க்கு ‘16 டெராபைட்’ என்று விற்கப்படுபவை போலிகள். உள்ளே சிறிய மெமரி கார்டு இருக்கும், எழுதியதை இழப்பீர்கள்.

ஹார்டு டிஸ்க் பல நேரம் சத்தமிட்டு எச்சரித்துவிட்டுச் சாகும், எஸ்.எஸ்.டி. திடீரென்று நின்றுவிடக்கூடும். ட்ரிம் (அழித்த கோப்பின் இடத்தை டிரைவ் தானே துடைத்துவிடும் வசதி) இயங்கும் டிரைவில் அழித்த கோப்பை மீட்பதும் ஏறக்குறைய இயலாது. எனவே இரண்டாவது பிரதி வேறொரு டிரைவில் ஏறி, அதைத் திறந்து பார்த்த பிறகே கேமரா கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். அந்தப் பிரதிக்கு மலிவான ஹார்டு டிஸ்க்கே போதும்.