குன்யா விடறது எப்படி: காப்பு கட்டினவங்களுக்கு மட்டும் ஏன் சுலபமா இருக்கு?

தீமிதிக்குக் காப்பு கட்டின ஆளுங்கள கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. மத்த நாள்ல குன்யா (பர்மாவுல வெத்தலையில பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை வச்சு மடிச்சு விக்கறது) இல்லாம வாய் சும்மாவே இருக்காது, எழுந்ததும் ஒண்ணு, டீக்கடையில ஒண்ணு, பஸ்ஸுக்கு நிக்கறப்ப ஒண்ணு, ராத்திரி கன்னத்துல ஒதுக்கி வச்சிக்கிட்டே தூங்குற ஆளுங்க கூட உண்டு. அதே ஆளுங்க விரதம் தொடங்கினா குன்யா பக்கமே திரும்ப மாட்டாங்க, அதுவும் பல்லக் கடிச்சிக்கிட்டு இல்ல, சாதாரணமா இருப்பாங்க. காப்பு அவுத்த அன்னிக்கு சாயங்காலம் நேரா கடைக்குத்தான் நடை. ஆத்தா சக்தின்னு சொல்லுவாங்க, நான் அதுல வாதாட வரல. ஆனா மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சா விரதம் இல்லாத மாசத்துலயும் அதே வேலைய செய்யலாம்.

இஸ்ரேல்ல ரூவென் தார்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், இதே மாதிரி விஷயத்தத்தான் சிகரெட்ல சோதிச்சுப் பாத்தாரு. யூதர்கள்ல ஆசாரமானவங்க சனிக்கிழமை நெருப்பே தொட மாட்டாங்க, சிகரெட்டும் கிடையாது. 2005ல வந்த அவரோட ஆராய்ச்சியில, சாதாரண நாள்ல "இன்னைக்குப் பிடிக்காதீங்க"ன்னு சொன்னப்ப அவங்களுக்கு வந்த ஏக்கம் சனிக்கிழமை வரல, உடம்புல நிக்கோட்டின் இல்லாதது ரெண்டு நாள்லயும் ஒண்ணுதான். அடுத்து 2010ல விமானத்துல வேலை செய்யற சிகரெட் பழக்கக்காரங்கள எடுத்துக்கிட்டாரு. சின்ன பயணம் ஒண்ணு, பத்து மணி நேரத்துக்கு மேல போற பயணம் ஒண்ணு. சின்ன பயணத்துல இறங்கப் போற நேரத்துல ஏக்கம் ஏறுது, நீண்ட பயணத்துல அதே மணிக்கணக்குல ஏறல, அதுவும் இறங்கப் போறப்பதான் ஏறுது. அதாவது எத்தனை மணி நேரம் ஆச்சுங்கறத விட, எப்ப கிடைக்கப் போகுதுன்னு மூளை எதிர்பாக்குதுங்கறதுதான் அங்க பெருசா இருந்துச்சு.

இதுக்கு அடியில இருக்கறது டோபமின்ங்கற மூளை ரசாயனம். டோபமின்னா சந்தோஷம்னு ஃபேஸ்புக்ல எல்லாரும் எழுதறாங்க, அது சரியில்ல. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி குரங்குங்கள வச்சுப் பாத்தது: முதல்ல ஜூஸ் சொட்டு நாக்குல பட்டப்ப நடுமூளையில இருக்கற டோபமின் செல்லுங்க துடிச்சது, கொஞ்ச நாள்ல ஜூஸுக்கு முன்னாடி எரியற விளக்குக்கே துடிக்க ஆரம்பிச்சிடுச்சு, ஜூஸ் வந்தப்ப ஒண்ணுமில்ல. விளக்கு எரிஞ்சும் ஜூஸ் வரலன்னா, வர வேண்டிய அந்த நேரத்துல துடிப்பு சாதாரண அளவுக்கும் கீழ இறங்குச்சு. நம்ம கதைக்கு வாங்க: சோறு சாப்பிட்டு கை கழுவறது, தெருமுனையில அந்தப் பச்சை இலை அடுக்கு, கடைக்கார அமா (அக்கா) குச்சியால சுண்ணாம்பு தடவறது, இதெல்லாம்தான் விளக்கு. அதனாலதான் பல பேருக்கு குன்யா இப்ப ருசியே இல்ல, வாய் வெந்து கிடக்குது, ஆனாலும் வேணும். பிடிக்கறதும் வேணும்கறதும் மூளையில ஒரே வழியில ஓடறதில்லன்னு கென்ட் பெரிட்ஜ்னு ஒருத்தர் எலிங்கள வச்சு வருஷக்கணக்கா காட்டினாரு. "ருசியில்லாததுக்கா இப்படி அலையறே"ன்னு வீட்டுல திட்டறாங்களே, அந்தத் திட்டு அதனாலதான் வேலைக்கு ஆகறதில்ல.

அப்பறம் அந்தப் பொட்டலத்துக்குள்ள என்ன இருக்குன்னும் தெரிஞ்சுக்கணும். புகையிலையில நிக்கோட்டின், அது எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பு வாயில காரத்தன்மைய ஏத்தி விடுது, அதனால நிக்கோட்டின் கன்னத்துத் தோல் வழியா வேகமா உள்ள போகுது, வேகமா வர்ற பொருளுக்கு மூளை வேகமா அடிமை ஆகும். பாக்குல அரிகோலின்னு ஒண்ணு இருக்கு, அது மூளை செல்லுங்கள்ல நிக்கோட்டின் போய் ஒட்டற அதே இடங்கள் (ஏற்பிகள்) சிலதுல போய் ஒட்டுதுன்னு 2015ல ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. அதனால "புகையிலைய மட்டும் நிறுத்திட்டு வெறும் பாக்கு போட்டுக்கறேன்"னு சொல்றது பாதி வேலை கூட இல்ல, பழக்கத்துக்குத் தீனி போட்டுக்கிட்டேதான் இருக்கீங்க. இனிப்பு பாக்கு பாக்கெட்டும் அதே கதைதான். புகையிலை இல்லாத வெத்தலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே சொல்லிடுச்சு.

சரி, செய்ய வேண்டியது. முதல்ல நிறுத்தறதுக்கு ஒரு தேதி குறிங்க. "பத்து போடறத எட்டாக்கி, எட்ட ஆறாக்கி"ன்னு இறங்கறது நல்ல பிள்ளைத்தனமா தெரியும், ஆனா ஒவ்வொரு விளக்குக்கும் ஜூஸ் வருமா வராதான்னு மூளைய எதிர்பாக்க வச்சிக்கிட்டே இருக்கறதுதான் அது. 2016ல இங்கிலாந்துல வந்த ஒரு ஆராய்ச்சியில 697 சிகரெட் பழக்கக்காரங்கள ரெண்டு கூட்டமா பிரிச்சாங்க, ஒரே நாள்ல நிறுத்தினவங்கள்ல 4 வாரம் கழிச்சு 49 சதவீதம் பேர் தாக்குப்பிடிச்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சவங்கள்ல 39. அது சிகரெட்தான், குன்யா இல்ல, ஆனா நிக்கோட்டின் ஒண்ணுதானே.

தேதிக்கு முன்னாடி மூணு நாலு நாள் குறைக்கவே வேண்டாம், வழக்கம்போல போடுங்க, ஆனா ஒவ்வொரு வாட்டியும் அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு போன்ல குறிச்சு வைங்க: எங்க, யார் கூட, என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான். பெரும்பாலும் நாலஞ்சு இடம்தான் திரும்பத் திரும்ப வரும்.

இப்ப முக்கியமான வேலை, "கிடைக்காது"ன்னு மூளைக்குத் தெரியணும். காப்பு கட்டினவங்களுக்கு ஊரே காவல், கடைக்காரனே குடுக்க மாட்டான். உங்களுக்கு நீங்களே அந்தக் காவல வைக்கணும். கடையில மாசக் கணக்கு இருந்தா தீர்த்துட்டு, "அமா, நான் கேட்டாலும் குடுக்காதீங்க, கெஞ்சினாலும் குடுக்காதீங்க"ன்னு வாய் விட்டு சொல்லிடுங்க, வெக்கமா இருக்கும், பரவாயில்ல. சட்டைப் பை, வண்டி டப்பா, மேசை டிராயர், ஒளிச்சு வச்ச பிளாஸ்டிக் பொட்டலம் எல்லாத்தயும் தூக்கிப் போடுங்க. ரங்கூன்ல அனவ்ரதா ரோட்டுல ஒரு நடை நடந்தா எத்தனை குன்யா கடை தாண்டணும்னு எனக்கும் தெரியும், எல்லாத்தயும் ஒளிச்சு ஓட முடியாது, ஆனா நீங்க வாங்கற கடை ஒண்ணோ ரெண்டோதான், அந்தத் தெருவ மட்டும் ஒரு மாசம் மாத்திக்கோங்க. டீக்கடைய விட வேண்டாம், உக்கார்ற பெஞ்ச மாத்துங்க, முடிஞ்சா கடையவே மாத்துங்க. நேரம் வச்சு முடிவு பண்றவங்களும் இருக்காங்க, "வேலை நேரத்துல இல்ல, வீட்டுக்குப் போய் ஒண்ணு"ன்னு. அது வேலைக்காகாது, அந்த விமானம் இறங்கற கதைதான், நாலு மணியில இருந்தே மூளை வீட்டு வாசல்ல போய் நின்னுக்கும்.

சாப்பாட்டுக்கு அப்பறம் வாய் எதையோ தேடும், அங்க காலியா விடாதீங்க. "கை கழுவினதும் சோம்பு", "டீக்கடையில உக்காந்ததும் ஃபிளாஸ்க்குல இருந்து வெறும் தேத்தண்ணி, அப்பறம் கொறிக்கற குவாசி விதை"ன்னு, எது நடந்தா எது செய்வேன்னு முன்னாடியே சோடி போட்டு வைங்க. மனசுல நினைச்சா பத்தாது, எழுதி வைங்க. "கட்டுப்பாடா இருப்பேன்"னு பொதுவா சொல்றத விட இப்படி குறிப்பா முடிவு பண்றவங்க அதிகமா செஞ்சு முடிக்கறாங்கன்னு பீட்டர் கோல்விட்ஸர்ங்கறவரோட ஆராய்ச்சியிலயும் வந்திருக்கு.

முதல் ரெண்டு மூணு நாள் மோசமா இருக்கும், பொய் சொல்லல. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசி ஏறும், வயிறு கட்டிக்கும், வேலையில மனசு நிக்காது. வீட்டுல முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க, இல்லன்னா பிள்ளைங்கதான் அடி வாங்கும். ரெண்டுல இருந்து நாலு வாரத்துல பெரும்பாலும் இறங்கிடும். இடையில வர்ற ஏக்கம் ஒவ்வொண்ணும் சில நிமிஷம்தான் உச்சத்துல நிக்கும், அந்த நேரத்துல அதோட சண்டை போடாம எழுந்து இடத்த மாத்துங்க. ரொம்ப அதிகமா போட்டவங்களுக்கு தோல்ல ஒட்டற நிக்கோட்டின் பட்டை, மெல்லற நிக்கோட்டின் கம் மாதிரி உதவி இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துக்கோங்க.

கல்யாண வீட்டுத் தாம்பூலம் தனிப் பிரச்சினை, வாங்கலன்னா மரியாதைக் குறைவு. வாங்குங்க, கண்ணுல ஒத்திக்கோங்க, பக்கத்துல இருக்கற பாட்டி கையில குடுத்துட்டு எழுந்திரிங்க. சபையில உக்காந்து விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, "ஒண்ணுதானே"ன்னு ஒரு மாமா கண்டிப்பா வருவாரு.

ஆறு மாசம் கழிச்சு பழைய தெருவுக்குப் போனா ஏக்கம் பொசுக்குன்னு வரும். மூளை பழைய பாடத்த அழிக்கறதில்ல, புதுப் பாடத்த மேல எழுதுது, பழைய இடத்துக்குப் போனா பழைய பாடம் தலை காட்டும். அது தோத்ததா அர்த்தம் இல்ல. ஒண்ணு போட்டுட்டீங்கன்னாலும் அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, மீதிப் பொட்டலத்த அங்கயே போட்டுட்டு அன்னிக்கே தொடருங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை, இன்னைக்கே செய்யலாம். கண்ணாடி முன்னாடி வாயத் தொறந்து மூணு விரல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி உள்ள விட்டுப் பாருங்க. போகலன்னாலோ, காரம் பட்டா எரியுதுன்னாலோ, கன்னத்துக்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு தெரியுதுன்னாலோ, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருந்தாலோ, விட்டுட்டுப் போய்க்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, போட்டுக்கிட்டு இருக்கறப்பவே பல் டாக்டர்கிட்ட போய் காட்டுங்க.