ரயில் தடம்புரண்டால் வேகத்தை மட்டும் தேடாதீர்கள்

ரயில் தடம்புரண்ட செய்தி வந்தவுடன் எல்லோரும் கேட்பது, எவ்வளவு வேகத்தில் போனது என்றுதான். கேட்பதில் தப்பில்லை, அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு. 2005 ஏப்ரலில் ஜப்பானின் அமாகாசாகியில், 70 கி.மீ. வரம்புள்ள வளைவுக்குள் 116 கி.மீ. வேகத்தில் நுழைந்த ரயில் கவிழ்ந்து 107 பேர் இறந்தார்கள். அது வேகத்தால் வந்த வினை. ஆனால் அதே நாட்டில் 2000 மார்ச்சில், டோக்கியோவின் நகாமெகுரோ நிலையத்துக்கு அருகே மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ரயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டு, எதிரே வந்த ரயிலோடு மோதி 5 பேர் இறந்தார்கள். அங்கே சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிட்டது.

இப்படி ஏறுவதைப் பக்கவாட்டுத் தள்ளலை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முயல்வது அடுத்த தவறு. சக்கரம் தண்டவாளத்தைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது, கீழ்நோக்கி எவ்வளவு அழுத்துகிறது, இந்த இரண்டின் விகிதம்தான் கணக்கு. ஒரு சக்கரத்தின் அழுத்தம் 5 டன், தள்ளல் 3 டன் என்றால் விகிதம் 0.6. தள்ளல் அப்படியே இருக்க, அழுத்தம் மட்டும் 2.5 டன்னாகக் குறைந்தால் விகிதம் 1.2 ஆகிவிடும். யாரும் வேகத்தைக் கூட்டவில்லை, ஆனால் ஏறும் ஆபத்தைக் காட்டும் விகிதம் இரண்டு மடங்கு.

சரி, ஓடுகிற ரயிலில் ஒரு சக்கரத்தின் சுமை எப்படிக் குறையும்? சரக்கை ஒரு பக்கமாக ஏற்றியிருக்கலாம். ஸ்பிரிங் இறுகிப்போயிருக்கலாம். வளைவு முடிகிற இடத்தில், வளைவுக்காக உயர்த்தி வைத்த வெளித் தண்டவாளம் படிப்படியாக இறங்கும். அந்த முறுக்கில் ஒரு சக்கரம் பாதி தொங்கியபடி போகும். வளைவில் ரயில் ரொம்ப மெதுவாகப் போனாலும் பெட்டியின் எடை உட்பக்கம் சாய்ந்து வெளிச்சக்கரம் லேசாகும். ஏறும் சக்கரம் பெரும்பாலும் அதுதான். நகாமெகுரோ விபத்துக்குச் சொல்லப்பட்ட பல காரணங்களில் இடது, வலது சக்கரங்களின் சுமை ஏற்றத்தாழ்வும் ஒன்று.

தண்டவாளத்தை ரயில் இல்லாத நேரத்தில் அளந்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் இங்கேதான் காலை வாரும். அடியில் ஜல்லி பிடிப்பில்லாத ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை) சும்மா இருக்கும்போது மட்டமாகத் தெரியும். ரயில் ஏறியதும் அமுங்கும்.

உராய்வு அதிகமாக இருந்தால் பிடிமானம் நல்லது என்ற நினைப்பு பாதிதான் சரி. பிரேக்குக்கும் இழுவைக்கும் உராய்வு வேண்டும். சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளப் பக்கத்தில் உரசும் இடத்திலோ, அதே உராய்வு சக்கரத்தை மேலே ஏற்றிவிடும். இந்த விகிதம் எதுவரை போனால் சக்கரம் ஏறாது என்று சொல்லும் நடால் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: விளிம்பின் சாய்வு 70 டிகிரி, உராய்வுக் கெழு (உராய்வின் அளவைச் சொல்லும் எண்) 0.3 என்றால் விகிதம் சுமார் 1.34 வரை தாங்கும். கெழு 0.5 ஆனால் வரம்பு 0.95க்கு இறங்கிவிடும். மேலே பார்த்த 1.2 முதல் கணக்கில் தப்பிக்கிறது, இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறது. லேத்தில் கடைந்து புதிதாக வந்த சக்கரத்தை முழுப் பாதுகாப்பு என்று நம்பக்கூடாது என்பதும் இதனால்தான். கடைந்த தடங்கள் சொரசொரப்பாக இருக்கும், கொஞ்சம் ஓடித் தேய்ந்தால்தான் மழமழப்பாகும். அதற்காக எண்ணெயைத் தண்டவாளத்தின் தலையில், அதாவது சக்கரம் உருளும் மேற்பகுதியில், வழியவிட்டால் பிரேக் வழுக்கும். உயவு வேண்டியது விளிம்பு உரசும் பக்கத்துக்குத்தான்.

நடால் வரம்பைத் தாண்டினாலே தடம்புரளும் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. சக்கரம் ஏறுவதற்கு நேரமும் தூரமும் வேண்டும். கண நேரம் எகிறிவிட்டு இறங்கும் அளவுகள் ஓட்டத்தில் சகஜம். மறுபக்கம், சக்கரத்தின் வடிவமைப்புப் படத்தில் இருக்கும் 70 டிகிரியை நம்பிவிட்டு, உண்மையில் தொடும் இடத்தின் சாய்வு 60 ஆக இருந்தால், அதே 0.5 உராய்வில் வரம்பு 0.66தான். சக்கரத்தை அளக்காமல் சூத்திரத்தை நம்பிப் பயனில்லை.

அப்புறம், பெட்டிகள் கவிழ்ந்து கிடக்கும் இடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பதும் தவறு. அங்கே உடைந்த ஸ்லீப்பரும் வளைந்த தண்டவாளமும் பெரும்பாலும் விபத்தின் விளைவுகள். சக்கரம் ஏறிய இடம் வெகு பின்னால் இருக்கலாம். மெதுவாக ஏறியிருந்தால் தண்டவாளத்தின் தலையில் உள்பக்க ஓரத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிச் சாய்வாக ஒரு கீறல் ஓடியிருக்கும். அது தொடங்கும் புள்ளியிலிருந்து, ரயில் வந்த திசையில் பின்னோக்கி அளந்துகொண்டு போக வேண்டும்.