தாம்பரம் பக்கம் சொந்த வீடு இருக்கிறதா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

என்னைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு, லீவுக்குச் சென்னையில் இறங்கி தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் என்ன அடுக்குவது என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அப்பா அம்மா பெயரில் அங்கே ஒரு வீடோ மனையோ இருந்து, இந்தத் தடவை அதை ஒரு வழியாக முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தால், முதலில் அந்த ஊரின் வரைபடத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள்.

நாம் விட்டுவிட்டு வந்தது ஒரு நகராட்சி, அதைச் சுற்றிச் சில பேரூராட்சிகள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி என்று அறிவித்தார்கள். இப்போது 70 வார்டுகள். ஆனால் ஒட்டியே இருக்கும் முடிச்சூரை அப்போது சேர்க்கவில்லை, அது ஊராட்சியாகவே நின்றது. மாநகராட்சி ஒன்றுதான், தாலுகா ஒன்றல்ல: பல்லாவரம் தனித் தாலுகா, தாம்பரம் தனித் தாலுகா. அஞ்சல் குறியீடு 600-இல் தொடங்குவதால் கடிதத்துக்கு நீங்கள் சென்னைவாசி. வருவாய்த் துறைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். சொத்து வரிச் சீட்டில் தாம்பரத்துக்காரர். மூன்றும் ஒரே வீடுதான்.

மாவட்டத்தின் கதை இன்னும் மோசம். பழைய கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், 'செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா' என்று இருக்கும். 1997-இல் அந்த மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தார்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டைத் திரும்பவும் தனி மாவட்டமாக்கினார்கள். நடுவில் இருந்த இருபத்திரண்டு வருஷத்துத் தாள்கள் எல்லாம் காஞ்சிபுரம் என்று சொல்லும். வீடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. சர்வே எண்ணிலும் இதே குழப்பம்தான். பத்திரத்தில் கிராமத்துப் பழைய எண் இருக்கும், நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக் என்று போட்டு வேறு எண் வந்திருக்கும். கதவிலக்கத்தில் பழையது, புதியது என்று நடுவில் ஒரு கோடு.

ஜனத்தொகையையும் சொல்லிவிடுகிறேன், அலுவலகத்தில் வரிசை ஏன் அவ்வளவு நீளம் என்று புரியும். 2011 கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியில் 1,74,787 பேர், பல்லாவரத்தில் 2,15,417 பேர். பெரிய ஊர் பல்லாவரம், மாநகராட்சிக்குப் பெயர் தாம்பரம். பல்லாவரத்துக்காரர்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள், காபி ஆறிப்போகும் வரை விடமாட்டார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால், 2001-இல், பல்லாவரத்தில் ஒன்றரை லட்சம்கூட இல்லை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்றைக்கும் எல்லாரும் அந்த 2011 எண்ணைத்தான் சொல்கிறார்கள். ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள், ஒரு வீடு இருந்த மனையில் எட்டுக் குடும்பம் குடியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு வீட்டை அக்கா பெயருக்கே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கடைசிக் காலம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டது அவள்தான். நான் மாதம் ஒரு தொகை அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசினேன். ஆகவே என் பங்கு வேண்டாம், விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். இதில் என்ன சிக்கல் வரப்போகிறது? வந்தது. உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் அந்த உரிமை எனக்கு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ்.

விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாகப் போகிறது, அது சுலபம்தான். அப்புறம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் வட்டாட்சியர். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, எங்கேயும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். அங்கிருந்தவர் குடும்ப அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க பேரே இதுல இல்லையே சார்" என்றார். எப்படி இருக்கும்? நான் வெளிநாடு போன கொஞ்ச நாளிலேயே அப்பா ஒழுங்காக மனு எழுதிக் கொடுத்து என் பெயரை நீக்கிவிட்டார். இல்லாத ஆளுக்கு அரிசி வாங்கக் கூடாது என்பது அவர் நியாயம். வாக்காளர் பட்டியலிலும் நான் இல்லை. ஆதார் இல்லை. கையில் இருந்தது வேறு நாட்டுப் பாஸ்போர்ட். அதில் அப்பா பெயர் எங்கும் கிடையாது. என் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் என்று அப்பாவின் பெயர் நீட்டி முழக்கி நிற்கிறது, பள்ளிச் சான்றிதழிலோ அதே பெயர் ஒற்றை இனிஷியலாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது. "இது ரெண்டும் ஒரே ஆள்தான்னு யார் சொல்றது?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பின்னால் வாசல் வரை ஆட்கள் நின்றார்கள், அவருக்கும் சாப்பாட்டு நேரம். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "என் தம்பிங்க" என்றாள். அது ஆவணம் ஆகாது.

இரண்டாவது சுற்று இறப்புச் சான்றிதழில். அதைக் கொடுத்தது ஒரு பேரூராட்சி. அது இன்றைக்கு இல்லை, மாநகராட்சிக்குள் கரைந்துவிட்டது. சான்றிதழில் காஞ்சிபுரம் மாவட்டம், விண்ணப்பத்தில் செங்கல்பட்டு மாவட்டம், கதவிலக்கம் வேறு. மாநகராட்சிக்குப் போங்கள் என்றார்கள், அங்கே வருவாய்த் துறைக்குப் போங்கள் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை மத்தியான வெயிலில் கடக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய காகிதம்: மூலை வெட்டி ரத்து செய்யப்பட்ட இந்தியப் பாஸ்போர்ட். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், அந்த வீட்டு முகவரி. குடியுரிமை மாறியதும் அதை எங்கோ போட்டுவிடுபவர்கள் அதிகம். போடாதீர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இரண்டு விதமாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் கேட்பதற்கு முன்பே. இறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ஆதார் பற்றிக் கேட்பார்கள்: ஓ.சி.ஐ. (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர் கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். லீவுக்குப் போகிறவருக்கு அது நடக்கிற காரியமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, அவர்கள் முதல் வேலையாக அதை முடித்துக்கொள்ளலாம்.

வாரிசுச் சான்றிதழ் வந்தது, நான் திரும்பி வந்த பிறகு. ஆக விடுதலைப் பத்திரம் இன்னும் பாக்கி. "பவர் எழுதி அனுப்பிடேன்" என்று மாமா சொல்கிறார். அனுப்பலாம். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புவது வழக்கம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் போயிற்று. முழு அதிகாரமும் கொடுக்காதீர்கள், இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதுங்கள். மாமா மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. மாமாவுக்கு மனைதரகர் நண்பர்கள் அதிகம், அவ்வளவுதான்.

மற்றது சின்னச் சின்ன விஷயங்கள். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம், அங்கிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டினால் தாம்பரம். மூட்டை குறைவாக இருந்தால் டாக்சியைவிட இது நிம்மதி. 1931-இலேயே மின்சார ரயில் ஓடிய தடம் அது, மீட்டர் கேஜில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனவர்களுக்கு இப்போதைய பெட்டிகள் அகலமாகத் தெரியும். தென்மாவட்டப் பேருந்துக்குக் கோயம்பேடு போகாதீர்கள், 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தாயிற்று. தாம்பரத்துக்காரர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசாங்கம் நல்லது செய்திருக்கிறது.

வீடு ஏரிக்குப் பக்கமா என்று பாருங்கள். கிழக்கே சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று ஏரிகள் வரிசையாக இருக்கின்றன, மழைத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி இறங்குகிறது. மேற்கே முடிச்சூர் பக்கம் அடையாறு. 2015 வெள்ளத்தில் அங்கே என்ன நடந்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும், நான் அதைச் செல்போனில் பார்த்தேன்.

இதனால்தான் டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் போடாதீர்கள் என்கிறேன். மழை பலமாக இருந்தால் வருவாய்த் துறை ஆட்கள் எல்லாரும் வெள்ள வேலைக்குப் போய்விடுவார்கள், உங்கள் கோப்பு மேஜையிலேயே கிடக்கும். பிப்ரவரி, மார்ச் பாருங்கள், தேர்தல் இல்லாத வருடமாக இருந்தால். அக்கா என்னை ஜனவரியிலேயே வரச் சொல்கிறாள், பத்திரத்தை அப்போதே முடித்துவிடலாமாம். பொங்கல் வாரத்தில் அலுவலகம் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.