ஏ.ஐ.எஸ். திரை காலியாக இருந்தால் கடலும் காலியா?

2018 நவம்பர் 8, அதிகாலை நான்கு மணி. நார்வேயின் ஸ்டூரா முனையத்தில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு 'சோலா டிஎஸ்' டேங்கர் கிளம்பியது. எதிரே வரும் கப்பல் எது என்று அதன் பைலட் (கரையோரக் கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) கரையிலுள்ள போக்குவரத்து மையத்தைக் கேட்டார். தகவல் இல்லை என்று பதில் வந்தது. வந்துகொண்டிருந்ததோ 'ஹெல்கே இங்ஸ்டாட்' என்ற நார்வே போர்க்கப்பல். அதன் ஏ.ஐ.எஸ். டிரான்ஸ்பாண்டர் (கப்பலின் பெயர், இடம், வேகத்தை ரேடியோவில் தானாக அறிவிக்கும் கருவி) பிறர் சிக்னலை வாங்கியது, தன்னுடையதை அனுப்பவில்லை. ரேடாரில் புள்ளி தெரிந்தது, பெயர் தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் போய்விட்டது, இரண்டும் மோதின. போர்க்கப்பலில் இருந்த 137 பேரும் பிழைத்தார்கள், கப்பல் மூழ்கியது.

முதல் தவறு இதுதான்: ஏ.ஐ.எஸ். திரை காலியாக இருந்தால் கடலும் காலி என்று நினைப்பது. சர்வதேசப் பயணத்தில் 300 டன் மொத்தக் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இந்தக் கருவி கட்டாயம். போர்க்கப்பலுக்கு விலக்கு உண்டு. சின்ன மீன்பிடிப் படகு பலவற்றில் கருவியே கிடையாது.

அடுத்தது, டிரான்ஸ்பாண்டர் சொல்வதை அப்படியே நம்புவது. அது கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. ஜிபிஎஸ் ஆன்டெனாவிலிருந்து முன்முனை, பின்முனை, இரு பக்கங்கள் எவ்வளவு தூரம் என்று நான்கு எண்களைக் கையால் பதிய வேண்டும். ஆன்டெனா இருக்கும் பாலம் (கப்பலை இயக்கும் அறை) பின்பக்கம் உள்ள 300 மீட்டர் கப்பலில் முன்னும் பின்னும் மாறிப்போனால், அதன் முகப்பு திரையில் 200 மீட்டருக்கு மேல் தள்ளித் தெரியும். நடுக்கடலில் பரவாயில்லை, துறைமுக வாய்க்காலில்? 'நங்கூரத்தில்' என்ற நிலையை மாற்ற மறந்து 12 நாட் (மணிக்கு சுமார் 22 கி.மீ.) வேகத்தில் போகிறவர்களும் உண்டு.

சரி, ரேடாரை மட்டும் நம்பலாமா? மழை கொட்டும்போது 3 செ.மீ. அலைநீள ரேடாரின் திரை வெளுத்துவிடும். இரைச்சலை அடக்க ஃபில்டரைக் கூட்டினால் ஃபைபர் படகும் சேர்ந்து மறையும். 10 செ.மீ. ரேடார் மழையை நன்றாகவே தாங்கும். ஆனால் பெரிய கப்பலின் நிழலில் நிற்கும் படகை எந்த ரேடாரும் காட்டாது.

பலர் கவனிக்காத ஒன்று: ரேடார் அம்பு (கப்பல் போகும் திசையையும் வேகத்தையும் காட்டும் கோடு) கடல் நீரோடு ஒப்பிட்ட வேகத்தைக் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கலாம். ஏ.ஐ.எஸ். அம்பு தரையோடு ஒப்பிட்டது. இரண்டும் வேறு திசை காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று அவசரப்படாமல், முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள். அப்புறம் நேரம்: ஓடும் கப்பலின் ஏ.ஐ.எஸ். 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை பேசும். நங்கூரமிட்டது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான். நங்கூரம் இழுபட்டு நகர ஆரம்பித்தால் அதை முதலில் காட்டப்போவது ரேடார்.