இங்கிலாந்தில் முதல் பிரசவம்: வலி வந்ததும் ஓடாதீர்கள்

நம்ம திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாக இங்கிலாந்து வந்து, தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இது. காகித வேலை சுலபம். 10 வாரத்துக்குள் மிட்வைஃபிடம் (பிரசவம் பார்க்கும் செவிலி) பதிந்துவிடுங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்தால் பிரசவத்துக்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசம்.

சிக்கலெல்லாம் வலி தொடங்கும் நாளில்தான். ஊரில் இடுப்பு சுருக்கென்றதும் பாளையங்கோட்டைக்கு வண்டி பிடிப்போம், கட்டிலும் கிடைத்துவிடும். இங்கே வலி சீராகி, கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறக்கும்வரை பெரும்பாலும் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அம்பாசமுத்திரத்துத் தோழி ஒருத்திக்கு அது அவமானமாகப் பட்டது. ஊரிலிருந்து ஆச்சியும் அத்தையும் போனில் "அங்கயே இரு, வந்துராத" என்று ஏற்றிவிட, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி நாற்காலியில், பட்டினியாக, பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்தாள். மெய்வலி வந்தபோது தெம்பே இல்லை. மல்லாந்து படுத்தாள், வலி தளர்ந்தது, வலியைக் கூட்ட டிரிப் ஏற்றினார்கள், கடைசியில் சிசேரியன். அந்த ஒரு ராத்திரிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அத்தைமேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

முதல் பிரசவத்தில் இந்த ஆரம்ப வலி ஒரு நாளைத் தாண்டியும் இழுக்கலாம். வீட்டில் ரசஞ்சோறோ இட்லியோ சாப்பிடுங்கள், வெந்நீரில் குளியுங்கள், முடிந்தால் தூங்குங்கள். சூட்டு வலியா என்று பார்க்க அம்மா சீரகத் தண்ணி சொன்னால் குடியுங்கள், தப்பில்லை. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் நடங்கள், சாய்ந்து நில்லுங்கள், பந்தில் உட்காருங்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஊர் நர்ஸ் அக்கா கணக்குச் சொல்வார். எல்லாருக்கும் அந்த வேகம் வராது என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. இங்கே 4 மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர்கூட நகராவிட்டால்தான் தாமதமோ என்று பார்ப்பார்கள். அப்புறம் பனிக்குடம் உடைப்பது, வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் டிரிப். எதற்கு, வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

ஊரில் வராந்தாவில் நிற்கும் கணவரை இங்கே உள்ளேயே விடுவார்கள். வாட்ஸப்பில் குடும்பத்துக்குச் செய்தி வாசிக்க அல்ல, முதுகு தேய்த்துவிட. கூடவே ஒருவர் இருந்து தாங்கினால் சிசேரியன் குறைகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன.

நீர் உடைந்தால், ரத்தம் பட்டால், காய்ச்சல் வந்தால், பிள்ளை அசைவு குறைந்தால் மட்டும் வீட்டில் காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். பிள்ளையின் துடிப்பு சரியில்லை, ஆபரேஷன் வேண்டும் என்றால், சரி என்று கையெழுத்துப் போடுங்கள். ஆச்சியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.