அம்மாவின் விரலில் ரத்தம் வராத பிரச்சினை

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசினோகூமரால் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒவ்வொரு முறையும் லேபுக்கு அலைய முடியாமல் வீட்டிலேயே பார்க்கும் மீட்டர் வாங்கினோம்.

அம்மாவின் விரலோ காலையில் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும். குத்தினால் கடுகளவு ரத்தம்தான். போதவில்லை என்று மீட்டர் எர்ரர் காட்டும், அதில் செருகி ரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப் வீண். ஒரு ஸ்ட்ரிப் விலை என்ன என்று வாங்குபவர்களுக்குத் தெரியும்!

லேப் டெக்னீஷியன் ஒருவர் சொல்லித்தந்த முறைதான் கைகொடுத்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட வேண்டும். முதலில் ஸ்ட்ரிப்பைச் செருகி மீட்டரைத் தயாராக வைத்துவிட்டு, அப்புறம்தான் விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துவது. நுனியை நசுக்கிப் பிழியக் கூடாது. திசுநீர் கலந்தால் ரத்தம் உறையும் வேகமே மாறி அளவு தப்பாகும். குத்தியதும் முதல் சொட்டை 15 விநாடிக்குள் வைத்துவிட வேண்டும். போதாவிட்டால் மேலே இன்னொரு சொட்டு சேர்க்காமல், புது ஸ்ட்ரிப், வேறு விரல்.

இப்போது எர்ரர் அபூர்வம். அவ்வப்போது ஒரே நாளில் லேபிலும் ரத்தம் கொடுத்து ஒப்பிடுகிறோம், 0.5-க்குள் வித்தியாசம் இருந்தால் சரி என்கிறார் டாக்டர். 4-க்கு மேல் காட்டினால் மட்டும் மீட்டரை நம்புவதில்லை, நேராக லேப்தான். மாத்திரை அளவை நாங்களாக மாற்றுவதும் கிடையாது.