மருத்துவமனையில் குழந்தைக்கு ஹெர்பிஸ் தொற்று: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைக்குச் சில நாள்களில் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் தொற்று தெரியவந்தால், அது அங்கேயே யாரிடமிருந்தோ ஒட்டியது என்று உடனே முடிவுகட்டுவது முதல் தவறு. இக்குடும்பத்து வைரஸ்கள் ஒருமுறை உடலுக்குள் புகுந்தால் முற்றிலும் வெளியேறுவதில்லை. உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் தரும் சாதாரண ஹெர்பிஸும் சின்னம்மை வைரஸும் நரம்பணுக்களிலும், இதே குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ, எப்ஸ்டீன்-பார் வைரஸ்கள் வெள்ளையணுக்களிலும் அவற்றின் மூல அணுக்களிலும் உறங்கிக்கிடக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையோ உறுப்பு மாற்று அறுவையோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்போது, பல மாதங்களுக்கு முன்பே குடியேறிய வைரஸ் விழித்தெழக்கூடும்.

சின்னம்மையில் நாள் கணக்கைப் பார்க்கத் தவறக்கூடாது. தொற்றியதிலிருந்து கொப்புளம் தோன்ற 10 முதல் 21 நாள் ஆகும். எனவே, சேர்ந்த மூன்றாம் நாளில் கொப்புளம் கண்டால், குழந்தை அந்த வைரஸை வெளியிலிருந்தே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது காற்றின் வழியே பரவும் என்பதால், அதே அறையிலிருந்த மற்ற குழந்தைகளைக் கண்காணிக்க மறந்துவிடக்கூடாது.

மிகக் கொடிய விளைவைத் தரும் தவறு பச்சிளங்குழந்தைகளிடம் நிகழ்கிறது. தாய்க்கு ஹெர்பிஸ் இருந்ததாகத் தெரியவில்லை, குழந்தையின் தோலிலும் கொப்புளம் இல்லை என்ற இரண்டு காரணங்களைச் சொல்லி இந்நோயை ஒதுக்கிவிடுகிறோம். இரண்டுமே நம்பத்தக்கவை அல்ல. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மாரில் பெரும்பாலோர் தமக்கு இத்தொற்று இருப்பதை அறியாதவர்கள். மூளையையோ கல்லீரலையோ தாக்கும் நிலையில் பல குழந்தைகளுக்குக் கொப்புளமே தோன்றுவதில்லை. பச்சிளங்குழந்தைகளின் ஹெர்பிஸ் தொற்றுகளில் சுமார் 85 விழுக்காடு பிறப்பின்போதும், ஏறத்தாழ 10 விழுக்காடு பிறந்த பிறகும் ஏற்படுகின்றன. பிறந்த பிறகு தொற்றுவதற்கு, உதட்டில் கொப்புளமுள்ள உறவினர் அன்போடு கொடுக்கும் ஒரு முத்தமே போதும் என்பதைப் பெற்றோரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். விரலில் ஹெர்பிஸ் புண்ணுள்ள பணியாளரும் குழந்தையைத் தொடக்கூடாது.

பரிசோதனை முடிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். குழந்தையின் இரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்ததாக இருக்கலாம். அது தொற்றுக்குச் சான்றல்ல. சைட்டோமெகலோ கருவிலேயே வந்ததா என்று அறிய, பிறந்த 21 நாளுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். அதற்குப் பின் வைரஸ் தென்பட்டால், பிறப்பின்போதோ தாய்ப்பால் வழியாகவோ வந்திருக்கவும் கூடும். இதற்கு அஞ்சி நிறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவது இன்னொரு தவறு. அவர்களுக்கு இவ்வழித் தொற்று பொதுவாக நோயை உண்டாக்குவதில்லை.

ஆறாம் வகை ஹெர்பிஸ் வைரஸின் மரபணு, ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே குரோமோசோமில் பதிந்திருக்கும். அத்தகைய குழந்தைக்கு எந்தக் காய்ச்சலின்போது பி.சி.ஆர். எனும் மரபணுச் சோதனை செய்தாலும் வைரஸ் இருப்பதாகவே காட்டும் என்பதால், உண்மையான காரணம் மறைந்துபோகும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஹெர்பிஸ் மூளையழற்சியின் முதல் மூன்று நாள்களில் தண்டுவட நீரின் பி.சி.ஆர். வைரஸைக் காட்டாமல் போகலாம். அறிகுறிகள் வலுவாக இருந்தால், அந்த ஒரு முடிவை நம்பி அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை நிறுத்தாமல், சில நாள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.